வன்னியில் ஏஐ உங்கள் கைக்கு வந்து என்ன செய்தது? நடந்ததை மட்டும் எழுதுங்கள்

#1 கரடிப்போக்கு_கடைக்காரன்
17 ஜனவரி 2026, இரவு 8.40

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருடம். உண்மையில் வீட்டுச் செலவைக் கொண்டுபோனது கடிதம் ரைப் செய்து கொடுப்பதுதான். காணிக் கடிதம், அஸ்வெசும அரச உதவிப்பண மேன்முறையீடு, பாடசாலை அனுமதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு உறுதிக் கடிதம்.

நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு அடித்தவன் இப்போது மூன்று, நாலு. மற்றவர்கள் போனில் எழுதிக்கொண்டு வந்து "அண்ணை, இதை ஒருக்கால் பிரிண்ட் எடுத்துத் தாங்கோ" என்கிறார்கள். சரி, காலம் அப்படி. ஆனால் வாசித்துப் பார்த்தால் தலை சுற்றும். போன கிழமை ஒரு அம்மா கொண்டுவந்த கடிதம் "மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று தொடங்கியது. உள்ளே வட்டாட்சியர் இருக்கிறார், கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், குடும்ப அட்டை எண்ணுக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. எங்கள் அரசாங்க அதிபர் இல்லை, பிரதேச செயலர் இல்லை. தமிழ் நல்ல தமிழ். என்னுடையதைவிட நல்லது. கடிதம் போய்ச் சேரும் இடம்தான் கடலுக்கு அந்தப் பக்கம்.

திருத்திக் கொடுத்தேன். திருத்தியதற்குக் காசு கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்கவில்லை.

யூடியூபில் ஒருவர் எல்லா வேலையும் போய்விடும் என்கிறார், இன்னொருவர் பொற்காலம் என்கிறார். அதெல்லாம் இங்கே வேண்டாம். உங்கள் வயலில், கடையில், வகுப்பில் நடந்ததை எழுதுங்கள்.

#2 ரொறன்ரோ_புளியங்குளத்தான்
17 ஜனவரி, இரவு 9.15

நல்ல இழை. என் கருத்து: இன்னும் ஐந்து வருடத்தில் கணக்காளர், எழுதுவினைஞர், சட்டத்தரணி ஒருவருக்கும் வேலை இராது. வன்னிப் பொடியங்கள் இப்போதே இதைப் படித்தால் கொழும்பை விட்டு நேரே...

#3 கரடிப்போக்கு_கடைக்காரன்
17 ஜனவரி, இரவு 9.18

அண்ணை, அதுதான் நான் சொன்ன யூடியூப்.

#4 முத்தையன்கட்டு_கமக்காரன்
17 ஜனவரி, இரவு 10.02

நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

இந்தக் காலபோகம் மூன்று ஏக்கர் நெல் விதைத்தேன். நவம்பர் வெள்ளத்தில் பள்ளப் பக்கம் கொஞ்சம் அழுகிப் போனது, மிச்சம் தேறி வந்தது. மார்கழி நடுப்பகுதியில் வயலின் நடுவே ஒரு இடம் மஞ்சளாகத் தெரிந்தது. மகள் போனில் ஒரு செயலி போட்டுத் தந்திருந்தாள். இலையைப் படம் எடுத்தால் நோய் சொல்லும். படம் எடுத்தேன். "நைதரசன் பற்றாக்குறை, யூரியா இடவும்" என்று தமிழில் வந்தது. எவ்வளவு போட வேண்டும் என்றும் கணக்குச் சொன்னது. எனக்குப் பெரிய சந்தோசம். விவசாயப் போதனாசிரியருக்குப் போன் எடுத்தால் அவர் நாலு ஊருக்கு ஒரு ஆள், எப்போது வருவார் என்று சொல்ல ஏலாது. இது அரை நிமிடத்தில் சொல்கிறது.

யூரியா போட்டேன். எட்டாம் நாள் அந்த மஞ்சள் வட்டம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டம். சுடுதண்ணீர் ஊற்றியது போல.

பிறகு போதனாசிரியர் வந்தார். வந்தவர் இலையைப் பார்க்கவே இல்லை. வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார், பயிரை இரண்டு கையாலும் விலக்கினார், அடித்தண்டில் ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீரில் மிளகு தூவியது போல விழுந்தது. கபிலத் தத்தி. மட்டக்களப்பில் கட்டியிருக்கும் என் தங்கையின் புருசன் இதை அறக்கொட்டியான் என்பார். அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும். மேலிருந்து இலையைப் படம் எடுத்தால் பூச்சி எங்கே தெரியும்? மஞ்சள் மட்டும்தான் தெரியும். யூரியா கூடினால் பயிர் கொழுத்து அடர்ந்து நிற்கும், தத்திக்கு அதுதான் விருந்து. நான் காசு கொடுத்து விருந்து வைத்திருக்கிறேன்.

தண்ணீரை வடித்து நாலைந்து நாள் வயலைக் காயவிடச் சொன்னார். கண்ட கண்ட மருந்தை அடித்தால் தத்தியைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து செத்துவிடும் என்றார். முக்கால் ஏக்கர் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டோம். அடுத்த மாதம் வெட்டு.

மகள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளில் பிழை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

#5 பாரதிபுரம்_கணினிப்பித்தன்
17 ஜனவரி, இரவு 11.30

அண்ணை, சிரிக்கவில்லை. நான் மென்பொருள் வேலை செய்பவன், வீட்டிலிருந்துதான். உங்கள் கதையும் கடைக்கார அண்ணையின் கதையும் ஒரே கதை என்று நினைக்கிறேன்.

கடிதம் எழுதும் ஏஐக்கு "தெரியும்" என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அது செய்வது என்னவென்றால், இதுவரை உள்ள சொற்களைப் பார்த்து அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக்கொண்டே போவது. 2017-இல் கூகிள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் எழுதிய ஒரு கட்டுரையில் வந்த ட்ரான்ஸ்போமர் என்ற அமைப்புத்தான் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் அடி. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்தபோது சனம் அதைக் கண்டது, அவ்வளவுதான். தமிழில் "மாவட்டம்", "கடிதம்", "மதிப்பிற்குரிய" என்று வந்தால் இணையத்தில் அதற்கு அடுத்து "ஆட்சியர்" நிற்கும் பக்கங்கள் மலைபோல இருக்கின்றன. "அரசாங்க அதிபர்" நிற்கும் பக்கங்கள் ஒரு கை மண். அது மலைப் பக்கம் சாய்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்று அதற்கு ஒரு எண்ணமும் இல்லை.

தமிழுக்கு இன்னொரு சிக்கல், செலவு. இந்த இயந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கும். கணினியில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. "கொ" என்று எழுதினால் ஆறு. ஆரம்பத்தில் தமிழ் வாக்கியத்தைக் கண்டபடி நொறுக்கித்தான் விழுங்கியது. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ விட்டபோது தாங்களே காட்டிய உதாரணத்தில், முன்பு 116 துண்டாக இருந்த ஒரு தமிழ் வாக்கியம் 35 ஆகக் குறைந்தது. துண்டுக்குத்தான் காசு, துண்டுக்குத்தான் நேரம். இப்போது தமிழ் நன்றாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தமிழ் நன்றாக வருவதும் எங்கள் ஊர் தெரிவதும் இரண்டு விசயம்.

வயல் விசயத்தில் அதற்குக் கிடைத்தது ஒரு இலைப் படம் மட்டும். "தண்டின் அடியைப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

#6 முத்தையன்கட்டு_கமக்காரன்
18 ஜனவரி, காலை 5.50

விளங்குகிறது தம்பி. தெரியாது என்று சொல்லத் தெரியாத ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் ஆளை எங்களுக்குத் தெரியும்.

#7 மாங்குளம்_ரீச்சர்
18 ஜனவரி, காலை 10.20

தரம் 10-க்கு "எங்கள் ஊர்த் திருவிழா" என்று கட்டுரை கொடுத்தேன். முப்பத்திரண்டு கொப்பி. பத்தொன்பதில் "பண்பாட்டின் பன்முகத்தன்மையைப் பறைசாற்றுகிறது" என்ற வரி. ஒருவன் ஊர்த் தேர் நான்கு மாட வீதிகளில் வலம் வருவதாக எழுதியிருந்தான். அவன் ஊரில் தேரும் இல்லை, மாட வீதியும் இல்லை. ஒரு வேப்பமரமும் சூலமும் இருக்கிறது.

ஏசவில்லை. அந்தக் கட்டுரையைப் பெயர் இல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "இந்த ஊர் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றேன். வகுப்பு சிரித்து முடிய அரை மணித்தியாலம் ஆனது. பிறகு அதே தலைப்பை வகுப்பிலேயே, கையால், ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அந்த மாட வீதிக்காரன் தாத்தாவோடு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனதை எழுதினான். சிலாவத்தைக் கடலில் இருந்து தீர்த்தம் கொண்டுவருவது, அந்த உப்புநீரில் விளக்கு எரிவது, அதைத் தான் பார்க்க முண்டியடித்ததில் ஒரு செருப்புத் தொலைந்தது. எழுத்துப்பிழை பதினாறு. நான் இந்த வருடம் வாசித்ததில் நல்ல கட்டுரை அதுதான்.

கவலை எனக்கு விஞ்ஞானத்தில்தான். எங்கள் பாடநூலில் திணிவு என்றால் கிலோகிராமில் அளப்பது, நிறை என்றால் அதன்மேல் பூமி இழுக்கும் விசை, நியூற்றனில் அளப்பது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அந்தத் திணிவுக்குப் பெயர் நிறை, எங்கள் நிறைக்குப் பெயர் எடை. இயந்திரம் அந்த வழக்கத்தில் சொல்லிக் கொடுக்கிறது. பிள்ளை பரீட்சையில் நிறையைக் கிலோகிராமில் எழுதிவிட்டு வந்து "ரீச்சர், ஏஐ சரி என்றது" என்கிறது. அங்கே அது சரிதான். இங்கே புள்ளி போய்விடும்.

#8 உயர்தரம்_ஒட்டுசுட்டான்
18 ஜனவரி, பகல் 12.05

ரீச்சர், மன்னிக்கவும். எங்கள் பாடசாலையில் இரண்டு தவணையாகப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. ரியூசனுக்கு முல்லைத்தீவு போனால் திரும்ப பஸ் இல்லை. ஏஐ இல்லாவிட்டால் எனக்கு ஆர்முடுகல் என்றால் என்ன என்றே தெரியாது. இரவு பதினொரு மணிக்கு ஒரே கேள்வியை ஏழு தரம் கேட்டாலும் அது எரிந்து விழாது. பிழை விடும், தெரியும். விடையைக் கடந்தகால வினாத்தாளின் புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் எடுப்பேன். இப்போது நான் முதலிலேயே "இலங்கைப் பாடநூல் சொற்களில் சொல்லு, முடுக்கம் என்று எழுதாதே, ஆர்முடுகல் என்று எழுது" என்று போட்டுவிடுவேன். பாதி தரம் கேட்கும். பிறகு மறந்துவிடும்.

#9 மாங்குளம்_ரீச்சர்
18 ஜனவரி, பகல் 12.40

மகனே, மன்னிப்பு எதற்கு? ஆசிரியர் இல்லாத கதிரையில் அது வந்து இருந்திருக்கிறது என்றால் அதை எழுப்பிவிட எனக்கு என்ன உரிமை? திணிவு, நிறை இரண்டையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவை. உன் சொற் பட்டியலை இங்கே போடு, என் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன்.

#10 வவுனியா_மொழிபெயர்ப்பாளர்
18 ஜனவரி, மாலை 4.30

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், இருபது வருடத்துக்கு மேல். 1987-இல் 13-ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். இன்றைக்கும் எங்கள் சனத்தின் கைக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது. எனக்குச் சோறு போட்டதே அந்த முரண்பாடுதான், மறைப்பானேன். இப்போது சனம் போன் கமராவைக் கடிதத்தின் மேல் பிடிக்கிறது, தமிழ் வருகிறது. சாதாரண வாசிப்புக்காக என்னிடம் வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். எனக்கு நட்டம், சனத்துக்கு லாபம். ஒரு கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு மனிதன் பஸ் ஏறி வவுனியாவுக்கு வர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சம்பவம். காணித் துண்டு ஒன்றில் பயிர் செய்ய அனுமதி கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கமராவில் பார்த்தார், "அனுமதி வழங்க முடியும்" என்று காட்டியது. உழவு மெசினுக்கு முற்பணம் கொடுத்துவிட்டார். பிறகு ஏதோ சந்தேகத்தில் என்னிடம் கொண்டுவந்தார். கடிதத்தில் இருந்தது "நொஹெகி". முடியாது. அந்த "நொ"வின் மேல் அலுவலக முத்திரை விழுந்து மை பரவியிருந்தது. கமரா கண்டது மிச்சமிருந்த "ஹெகி". முடியும். மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மனிதனுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும், "முடியும்" என்றால் ஏன் கீழே மூன்று காரணம் அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு யோசனை வரும்.

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவற்றுக்கு இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள். என் மொழிபெயர்ப்பு இயந்திரத்தைவிடச் சிறந்தது என்பதால் மட்டும் என்று நினைத்துக்கொள்ள மாட்டேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது, பிழைத்தால் என்னைப் பிடிக்கலாம். 2023-இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் சாட்ஜிபிடி சொன்ன, இல்லாத தீர்ப்புகளை உள்ளதென்று நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். 5,000 டொலர் தண்டம் விழுந்தது. விழுந்தது இயந்திரத்துக்கு அல்ல.

#11 தருமபுரம்_அக்கா
18 ஜனவரி, இரவு 7.10

நான் மிதிவெடி அகற்றும் வேலை. விடிய நாலரைக்கு எழும்பிச் சோறு கட்டிக்கொண்டு வானில் முகமாலைப் பக்கம் போகிறவள்.

எல்லாரும் கேட்கிறார்கள், இனி இதையும் ஏஐ செய்யுமாமே என்று. உக்ரைனில் மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம், அமேசானின் கணினி வசதியோடு, ட்ரோன் படங்களில் வெடிபொருளைத் தேடக் கணினிக்குப் பழக்கியிருக்கிறது. அங்கே வெடி புதிது, நிலம் வெளி, மேலே கிடப்பது படத்தில் தெரியும். எங்கள் நிலத்தில் முப்பது வருடத்துக்கு முதல் புதைத்ததும் இருக்கிறது. மேலே பற்றை, அதற்குக் கீழே வேர், அதற்குக் கீழே மண். மேலே பறந்து பார்த்தால் பனங்கூடல் அழகாகத் தெரியும்.

எங்கள் வேலை ஒரு மீற்றர் அகலப் பாதை. கருவி சத்தம் போட்டால் குந்தியிருந்து கிளற வேண்டும். நூறு சத்தத்தில் மிகப் பெரும்பாலானவை ஆணி, சன்னக் கோது, செல் துண்டு, பால்மா ரின். பீ4 என்ற மிதிவெடி பிளாஸ்ரிக், உள்ளே இரும்பு சொற்பம், அதன் சத்தம் ஒரு சின்ன ஆணியின் சத்தம் போலத்தான். அதனால் சில இடத்தில் கருவியை நம்பாமல் இரும்பு வாரியால் மண்ணையே வாரி வாரிப் பார்ப்போம். சத்தத்தைக் கேட்டு "இது ஆணி, இது வெடி" என்று ஒரு மெசின் பிரித்துத் தந்தால் என் முழங்காலுக்கு நல்லது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்றால் நான் அந்த நிலத்தைக் கையளிக்க மாட்டேன். மிச்ச ஒன்றில் யாருடைய பிள்ளை மாடு சாய்க்கப் போகும்?

2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028-க்குள் முடிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது எங்கள் வயிற்றைக் கலக்கியது. என் வேலையைப் பறிக்கப் போவது இந்த இரண்டும்தான். என்னோடு நிற்பவர்களில் பாதிப் பேர் புருசன் இல்லாமல் குடும்பத்தைக் கொண்டுபோகிறவர்கள். 2028-க்குப் பிறகு நாங்கள் என்ன செய்வது என்று ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன், சும்மா. தையல், கோழி வளர்ப்பு என்றது. எங்கள் ஊருக்கு வந்த எல்லா நிறுவனமும் அதைத்தான் சொன்னது.

#12 முத்தையன்கட்டு_கமக்காரன்
18 ஜனவரி, இரவு 7.45

அக்கா, அந்தக் கடைசி வரிக்கு வீட்டில் எல்லாரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கணினித் தம்பி, மழையைப் பற்றி இது ஏதும் உருப்படியாகச் சொல்லுமா?

#13 பாரதிபுரம்_கணினிப்பித்தன்
18 ஜனவரி, இரவு 9.00

சொல்லும் அண்ணை. இந்த இழையில் நான் மனதார நல்லது சொல்லக்கூடிய இடம் இதுதான். கடிதம் எழுதும் ஏஐ வேறு, இது வேறு. பல பத்தாண்டு வானிலைப் பதிவுகளைக் கொடுத்துப் பழக்கியது. 2023-இல் கூகிள் டீப்மைண்டின் கிராப்காஸ்ற் பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் கணித்தது. முன்பு அதற்குப் பெரிய மீகணினி மணிக்கணக்கில் ஓட வேண்டும். ஐரோப்பிய வானிலை மையம் 2025 பெப்ரவரியில் தன் ஏஐ முன்னறிவிப்பை அன்றாடப் பாவனைக்கே கொண்டுவந்துவிட்டது. 2025-இல் இந்திய விவசாய அமைச்சு இப்படியான கணிப்பை வைத்து 13 மாநிலங்களில் 3 கோடியே 80 இலட்சம் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது: பருவமழை எப்போது தொடங்கும் என்று. தொடங்கிய மழை இடையில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொன்னது. விதைப்பை நாலு நாள் தள்ளுவதா என்று முடிவெடுக்கிறவனுக்கு அது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மழை வரும் என்பது தெரிந்த பிறகு வான்கதவை எப்போது திறப்பது என்பதை ஒரு மனிதன்தான் முடிவெடுக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரணைமடுக் குளத்துக் கதவுகளைப் பற்றி எவ்வளவு கதை நடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும்.

#14 அக்கராயன்_குளக்கட்டு
18 ஜனவரி, இரவு 9.25

வெள்ளம் என்றதும் ஞாபகம் வந்தது. போன நவம்பர் டித்வா புயல் நேரம் இரவு ஒன்பதரைக்கு வாட்சப்பில் ஒரு படம். எங்கள் பக்கத்துக் குளத்தின் பெயரைப் போட்டு, கட்டு உடைத்துப் பாய்கிறது என்று. மழை இருட்டு, கரண்ட் இல்லை. சனம் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு ஓடியது. என் மாமிக்குக் காலில் அடி. பாடசாலைக்குப் போய் நனைந்த போனைத் துடைத்துப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் பின்னால் மலை தெரிகிறது. மலை! கிளிநொச்சியில் நின்றுகொண்டு ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது. பிறகுதான் ஏஐ படம் என்று விளங்கியது.

அதைவிடக் கேடு அடுத்த நாள். வாய்க்கால் பெருகுகிறது, கரையில் இருப்பவர்கள் எழும்புங்கள் என்று கிராம அலுவலர் உண்மையாகவே படம் எடுத்துப் போட்டார். ஒருவன் கீழே எழுதுகிறான்: "இதிலும் மலை இருக்கா ஐயா?" மூன்று குடும்பம் எழும்பவில்லை. ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம்.

#15 ரொறன்ரோ_புளியங்குளத்தான்
19 ஜனவரி, காலை 7.30

சரி, யூடியூப் என்று ஏசினீர்கள், இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் புளியங்குளத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு ஒரு அழைப்பு. என் குரல். நான் முகநூலில் போட்ட வீடியோக்களில் இருந்து எடுத்திருக்க வேண்டும். "அம்மா, விபத்து ஒன்றில் மாட்டிவிட்டேன், பொலிஸ் பிடித்து வைத்திருக்கிறது, ஆரிடமும் சொல்லாதே, நாலு இலட்சம் உடனே போடு" என்றிருக்கிறது. அழுகையும் என் அழுகைதானாம்.

அம்மா போனை வைத்துவிட்டார். ஏன் தெரியுமா? நான் அவரை அம்மா என்று கூப்பிடுவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவன், மாமாமார் கூப்பிடுவதைக் கேட்டு எனக்கும் அவர் "அக்கா"தான். இன்றைக்கும். கள்ளனுக்கு என் குரல் கிடைத்தது, அது கிடைக்கவில்லை. 2024-இல் ஹொங்கொங்கில் ஒரு நிறுவன ஊழியர் வீடியோ அழைப்பில் தெரிந்த முகங்கள் எல்லாம் பேசுவதைப் பார்த்து 2 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டொலர் அனுப்பிவிட்டார், அத்தனை முகமும் போலி. என் அம்மா ஐந்தாம் வகுப்பு.

#16 வீட்டிலிருந்து_வேலை
19 ஜனவரி, பகல் 11.15

இந்த ஏஐக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான் என்றால் நம்புவீர்களா? ஒன்றரை வருடம் இணையத்தில் படங்களுக்குப் பெட்டி போடும் வேலை செய்தேன். தெருப் படம் வரும். கார், சைக்கிள், மனிதர், விளக்குக் கம்பம் ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு கீறிப் பெயர் போட வேண்டும். ஆள் ஓட்டாமல் தானாக ஓடும் கார்கள் பார்த்துப் பழகுவதற்காம். படத்துக்கு இத்தனை சதம் என்று கணக்கு. வீட்டுக்குள் சிக்னல் இல்லை, குளக்கட்டில் குடை பிடித்துக்கொண்டு இருந்து செய்திருக்கிறேன். நான் ஒருநாளும் போகாத ஊரின் சந்திகள் எல்லாம் எனக்குப் பாடம். பனி விழுந்து மூடிய நிறுத்தற் பலகைக்கும் பெட்டி போடத் தெரியும்.

ஒருநாள் காலை கணக்கைத் திறந்தால் வேலை ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்தப் பெட்டிகளை இப்போது ஏஐயே போடுகிறது, மனிதர் சும்மா சரி பார்த்தால் போதும் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைசி மாதக் காசு இன்னும் வரவில்லை. யாரிடம் கேட்பது? ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, அதற்கு எழுதினால் பதில் சொல்வதும் ஒரு ஏஐதான்.

#17 கரடிப்போக்கு_கடைக்காரன்
19 ஜனவரி, பகல் 1.00

தங்கச்சி, அந்தக் கணக்கு விபரங்களோடு கடைக்கு வாங்கோ. ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அடித்துப் பார்ப்போம், காசு வேண்டாம். எந்த நாட்டு ஆட்சியருக்கு எழுதுவது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

#18 புதுக்குடியிருப்பு_ஸ்ரூடியோ
19 ஜனவரி, இரவு 10.50

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்னிடம் வருகிற படங்களில் பாதி பழுதான படங்கள். நனைந்தது, உருகியது, மடித்து மடித்துக் கோடு விழுந்தது. 2009 போரில் எதை விட்டாலும் படத்தை விடாமல் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு படத்தை போட்டோஷொப்பில் திருத்த இரண்டு நாள் ஆகும். இப்போது ஏஐயில் இரண்டு நிமிடம். பளிச்சென்று வரும். ஆனால் வந்த முகம் அந்த ஆள் இல்லை. கண் பெரிதாகும், மூக்கு நேராகும், தோல் வெளுக்கும். அழிந்துபோன இடத்தில் அது யாரோ ஒருவனின் கன்னத்தை வைத்துவிடும். ஒரு அம்மா சொன்னார், "வடிவாய்த்தான் இருக்கு, ஆர் தம்பி இது?" அதற்குப் பிறகு முகத்தில் அதைத் தொட விடுவதில்லை. பின்னணிக்கும் சட்டைக்கும் மட்டும்தான், முகம் என் கையால், பழையபடி இரண்டு நாள்.

போன மாதம் வேறொரு அம்மா வந்தார். மகன் காணாமல் ஆக்கப்பட்டபோது வயது பத்தொன்பது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20-இல் தொடங்கிய உறவினர்களின் போராட்டத்தில் முதல் நாளில் இருந்து இருப்பவர். கையில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் பிரதி. "இப்ப முப்பத்தாறு. இப்ப எப்படி இருப்பான் என்று எடுத்துத் தா" என்றார். யாரோ பேத்தி போனில் காட்டியிருக்கிறாள், இப்படிச் செய்யலாம் என்று. நான் மாட்டேன் என்றேன், அது சும்மா கற்பனை அம்மா என்றேன். "எனக்குத் தெரியும், எடுத்துத் தா" என்றார்.

செய்தேன். அது அவனுக்கு மீசை வைத்தது, நெற்றி ஏறியிருந்தது, ஒரு மூக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டது. கந்தோரில் வேலை செய்கிறவர் போல. கண்ணாடியை எடுத்துவிடுகிறேன் என்று மவுஸைப் பிடித்தேன். "விடு. அவன்ர தேப்பனும் முப்பத்தஞ்சில போட்டவர்" என்றார். கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிரிண்ட் எடுத்தோம். பெரிதாக எடுத்துத் தரவா, போராட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க பழைய படம்தான் பிடிப்பன். அவங்கள் கொண்டுபோனது அந்தப் பிள்ளையை. இது வீட்டுக்கு."

காசு வாங்கவில்லை. செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

#19 பாரதிபுரம்_கணினிப்பித்தன்
19 ஜனவரி, இரவு 11.20

அண்ணை, செய்தது சரியா என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஒன்றே ஒன்று: இலவசச் செயலிகளில் அந்தப் படங்களை ஏற்றாதீர்கள். ஏற்றிய முகம் எந்த நாட்டுக் கணினியில் போய்க் கிடக்கும் என்று தெரியாது. உங்கள் கணினிக்குள்ளேயே, இணையம் இல்லாமல் ஓடுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஞாயிறு வந்து போட்டுத் தருகிறேன்.

#20 தருமபுரம்_அக்கா
20 ஜனவரி, காலை 4.40

வானுக்கு நிற்கிறேன். ஸ்ரூடியோத் தம்பி, என்னிடம் அண்ணாவின் படம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் பட்டு வாய்ப் பக்கம் அழிந்துவிட்டது. கையால் செய்ய எவ்வளவு எடுப்பீர்கள்?

#21 புதுக்குடியிருப்பு_ஸ்ரூடியோ
20 ஜனவரி, காலை 8.15

அக்கா, விலை பிறகு கதைப்போம். ஒறிஜினலைக் கொண்டு வாங்கோ, போனில் எடுத்தது வேண்டாம். அண்ணாவைப் போல வாய் உள்ள ஆள் வீட்டில் யாரும் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஞாயிறு பூட்டு என்றாலும் தம்பி வருவதால் திறந்திருப்பேன்.